நாலு சென்ட்டும் ஒரு ஓட்டு வீடும்

சாயங்காலம் விளக்கேற்றி முடித்து எங்கள் வடசேரித் தெருவில் நாலு பெண்கள் வாசல் படியில் உட்கார்ந்தால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் பணத்தில்தான் வந்து நிற்கும். "சீட்டு விழுந்திருக்கு, என்ன செய்யலாம்? நகை வாங்கவா, பாங்கில் போடவா, இல்லை ஒரு துண்டு நிலம் வாங்கிப் போடவா?" என்று யாராவது கேட்பார்கள். உடனே எல்லாரும் என் பக்கம் திரும்புவார்கள். தெருவில் எனக்குப் பெயரே 'வாடகை வீட்டு அக்கா' என்று ஆகிவிட்டது!

நான் பத்தாவது வரை படித்தவள். கணவருக்கு மாதச் சம்பளம். இரண்டு பிள்ளைகள். சொந்தமாக ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டு ஏழெட்டு வருஷம் ஆகிறது. அதில் பெருமைப்பட எதுவும் இல்லை. அதற்கு முன்னால் நாங்கள் ஏமாந்த கதையையும் சேர்த்தே சொல்லுகிறேன். அது தெரியாமல் இது புரியாது.

முன்பணம் போன கதை

2016-ம் வருஷம் ஆனி மாதம். கணவரின் கூட வேலை பார்ப்பவர் ஒருவர் ஒரு தரகரைக் கூட்டிக் கொண்டு வந்தார். ஊருக்கு வெளியே வயலை நிரப்பி மனை போட்டிருக்கிறார்களாம். ஐந்து சென்ட், ரோடு முப்பதடி, மூன்றே வருஷத்தில் விலை இரட்டிப்பாம். "அப்ரூவல் உண்டா?" என்று கேட்டேன். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு மேடம்" என்றார். அந்த வார்த்தை போதும் என்று நினைத்து விட்டோம். எழுபத்தைந்தாயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்து, இருபது ரூபாய் முத்திரைத் தாளில் ஒப்பந்தம் எழுதிக் கொண்டோம்.

அடுத்த செப்டம்பர் 9-ந் தேதி சென்னை உயர்நீதிமன்றம், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று தடை போட்டது. தமிழ்நாடு முழுவதும் பதிவு அலுவலகங்கள் வெறிச்சோடின. அப்போதுதான் எங்களுக்கு விஷயம் விளங்கிற்று. மனைப் பிரிவுக்கு அங்கீகாரம் தர வேண்டியது நகர் ஊரமைப்பு இயக்ககம், அதாவது டி.டி.சி.பி. அவர்கள் அனுமதி இல்லாமல் பஞ்சாயத்துத் தலைவர் போடும் கையெழுத்தும் சீலும் மனையை 'அப்ரூவ்டு' ஆக்கி விடாது. அப்புறம் 2017-ல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன்பே பதிவாகி விட்ட மனைகளுக்கு அதில் வழி கிடைத்தது. எங்களிடம் இருந்ததோ பதிவாகாத வெறும் தாள்!

முன்பணத்தைத் திருப்பிக் கேட்டோம். "மூன்று மாதத்துக்குள் கிரயம் முடிக்காவிட்டால் முன்பணம் திரும்பாது என்று நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?" என்றார்கள். நடையாய் நடந்து, நாலு தவணையில் நாற்பதாயிரம் வந்தது. முப்பத்தைந்தாயிரம் போனது போனதுதான். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் இருப்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பதியாத ஒப்பந்தத்தை வைத்துக் கொண்டு சண்டை போட எங்களுக்குத் தெம்பும் இல்லை. அந்த மாதம் மகளின் ஸ்கூல் ஃபீஸுக்கு என் கைவளையல் ஒன்று அடகுக்குப் போயிற்று. அதை யாரிடமும் சொல்லிக் கொள்ளவில்லை.

இன்னொன்று. அந்த இடத்தை நாங்கள் பார்த்தது நல்ல வெயிலில். 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் எங்கள் மாவட்டமே மிதந்ததே, அப்போது அந்தப் பக்கம் போன என் தம்பி, ரோடும் மனையும் ஒன்றாய்த் தண்ணீர் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னான். வயல் என்றைக்கும் வயல்தான். மேலே செம்மண் கொட்டினால் தண்ணீருக்குத் தெரியுமா? எங்கள் ஊருக்கு ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. இடம் வாங்க நினைப்பவர்கள் குடை பிடித்துக் கொண்டு போய்ப் பார்ப்பதுதான் நல்லது.

பழைய வீட்டைப் பிடித்தோம்

பட்ட அடிக்குப் பிறகு ஒன்றரை வருஷம் நிலம் பேச்சே எடுக்கவில்லை. 2018-ல் அப்பா வழிச் சொத்தை விற்றதில் என் பங்காக ஆறு லட்சம் வந்தது. அண்ணன்மார் மனசு கோணாமல் கொடுத்தார்கள். அம்மா சொன்னாள்: "இதை நகையாக்கிப் பீரோவில் பூட்டாதே மக்களே. மாசம் பத்துக் காசு வருகிற மாதிரி செய்."

மனையா, வீடா என்று யோசித்தோம். மனை வாங்கிப் போட்டால் விலை ஏறும் வரை ஒரு பைசா வராது; வேலி போட வேண்டும், முள் வெட்ட வேண்டும், பக்கத்துக்காரர் கல்லை நகர்த்துகிறாரா என்று பார்த்துக் கொண்டே இருக்க வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு முதல் மாதத்திலிருந்தே வாடகை வருகிற பழைய வீடு மேல் என்று பட்டது. ஆசாரிப்பள்ளம் பக்கம் தேடினோம். அங்கே அரசு மருத்துவக் கல்லூரி இருப்பதால் நர்ஸுகள், டெக்னீஷியன்கள், படிக்கிற பிள்ளைகள் என்று வாடகைக்கு ஆள் வந்து கொண்டே இருக்கும். வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால், அந்த வீட்டில் யார் குடியிருக்க வருவார்கள் என்று பார்க்க வேண்டும். இதை நான் முன்பணத்தைத் தொலைத்த பிறகுதான் கற்றுக் கொண்டேன்.

கிடைத்தது ஓட்டு வீடு. முன்னும் பின்னும் இரண்டு போர்ஷன், ஒரு கிணறு, இரண்டு தென்னை. பத்திரத்தில் நாலேகால் சென்ட். அளந்து பார்த்தால் நாலு. கேட்டது இருபத்தொன்று, முடிந்தது பத்தொன்பது லட்சம். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு ஏர் என்றால் 2.47 சென்ட். பட்டாவையும் புலப்படத்தையும் வருவாய்த் துறையின் இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். என் மகள்தான் செல்போனில் எடுத்துக் கொடுத்தாள்.

வக்கீலம்மா ஒருவரிடம் காகிதங்களைக் கொண்டு போனோம். முன்பு இந்தச் செலவை மிச்சம் பிடித்துத்தான் முப்பத்தைந்தாயிரத்தைத் தொலைத்தோம். அவர் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தார். அடமானம், ஜப்தி, பங்கு பிரித்தது எல்லாம் அதில் தெரியும். ஆனால் பதியாத கடனும் பதியாத ஒத்தியும் அதில் வராது. எங்களுக்குக் கம்ப்யூட்டரில் 1975-லிருந்துதான் கிடைத்தது. அதற்கு முந்தியதற்குப் பதிவு அலுவலகத்தில் மனுப் போட்டு எடுத்தோம்.

இங்கே எங்கள் மாவட்டத்துக்கே உரிய ஒரு சங்கடம். 1956 நவம்பர் 1 வரை நாங்கள் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தவர்கள். ஆகவே பழைய பிரமாணங்கள் பல மலையாளத்தில் இருக்கும். தேதியும் கொல்லம் ஆண்டில். இந்த வீட்டின் மூலப் பிரமாணம் கொல்லம் 1118. 825 கூட்டினால் ஏறக்குறைய 1943. மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஒரு டீச்சரை உட்கார வைத்து வரி வரியாகப் படித்தோம். நல்ல வேளை! கொல்லைப்புறம் வழியாகப் பக்கத்து வீட்டுக்காரர் கிணற்றுக்குப் போக மூன்றடி நடைவழி உண்டு என்று அதில் எழுதியிருந்தது. தமிழில் எழுதிய பிந்தைய பத்திரத்தில் அந்த வரியே இல்லை. தெரியாமல் அங்கே குளிமுறி கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அதே மாதிரி இங்கே கோயில் நிலம் எது என்றும் பார்க்க வேண்டும். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்குரிய ஸ்ரீபண்டாரவகை நிலங்கள் எங்கள் மாவட்டத்தில் உண்டு. 1964-ல் வந்த சட்டம் அவற்றை ரயத்துவாரி ஆக்கியது. மற்றக் கோயில்களின் நிலமும் ஏராளம். "தாத்தா காலத்திலிருந்து அனுபவிக்கிறோம்" என்று விற்பவர் சொல்வது வேறு, காகிதம் சொல்வது வேறு.

கையெழுத்துப் போடாத தங்கை

எல்லாம் சரி என்று நினைத்த நேரத்தில் வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இதில் ஒரு பொண்ணு விட்டுப் போயிருக்காங்களே?" என்றார்.

வீட்டுக்காரப் பெரியவர் உயில் எழுதாமல் 1991-ல் இறந்திருக்கிறார். மனைவியும் போய்ச் சேர்ந்து விட்டார். விற்க வந்தவர்கள் இரண்டு மகன்கள். வாரிசுச் சான்றில் மூன்றாவதாக ஒரு மகள் பெயரும் இருந்தது. கல்யாணமாகி வெளியூரில் இருப்பவர். அண்ணன்மாரைக் கேட்டால், "கல்யாணத்துக்கு நகை போட்டு, பாத்திரம் பண்டம் கொடுத்து அனுப்பியாச்சு. அவளுக்கு இதில் பாத்தியதை இல்லை" என்று அடித்துச் சொன்னார்கள்.

வக்கீலம்மா விளக்கினார். அப்பாவின் சுய சம்பாத்தியத்தில் மகளுக்கும் மகனோடு சமபங்கு என்பது 1956-ல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் பிறப்புரிமை என்று தமிழ்நாடு 1989-ல் சட்டம் கொண்டு வந்தது. அது அந்தச் சட்டத்துக்கு முன் கல்யாணமான பெண்களுக்குப் பொருந்தவில்லை. 2005-ல் மத்திய சட்டம் வந்து அந்த வித்தியாசமும் போயிற்று. இந்த வீடு பெரியவர் தானே வாங்கியது. ஆகவே தங்கைக்கு மூன்றில் ஒரு பங்கு, கல்யாணத்துக்கு என்ன போட்டிருந்தாலும். அவர் கையெழுத்தில்லாமல் நாங்கள் வாங்கினால், நாளைக்கு அவரோ அவர் பிள்ளைகளோ வந்து கேட்கலாம்.

இந்த நாஞ்சில் நாட்டில் சொத்துக்கும் பெண்ணுக்கும் உள்ள சம்பந்தமே விசித்திரமானது. ஒரு காலத்தில் இங்குள்ள வேளாளர் குடும்பங்களில் சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்குப் போயிற்று. தேரூரில் பிறந்த கவிமணி அந்த வழக்கத்தைக் கேலி செய்து 'மருமக்கள் வழி மான்மியம்' என்று ஒரு நூலே எழுதினார். 1926-ல் திருவிதாங்கூரில் தனிச் சட்டம் போட்டு அதை மாற்றினார்கள். பெண் வழி என்று பேர்தான். அப்போதும் அனுபவித்தவர்கள் ஆண்கள்தானே!

தரகர் எங்கள் வீட்டுக்கு வந்து கணவரிடம், "சார், அந்த அம்மா எங்கே வரப் போறாங்க? ஒரு லட்சம் குறைச்சுத் தரச் சொல்லுகேன், அப்படியே முடிச்சிருங்க" என்றார். ஒரு லட்சம் எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை. இவர் என்னைப் பார்த்தார். நான் காப்பி டம்ளரைக் கையில் வைத்தபடியே, "எனக்கு எங்க அண்ணன் பங்கு கொடுக்கலேன்னா இந்த வீட்டை நான் பார்க்கவே வந்திருக்க மாட்டேன். அந்தத் தங்கச்சி வந்து கையெழுத்துப் போடட்டும், அப்புறம் வாங்கலாம்" என்றேன். "அவ சொல்லுகதுதான்" என்று இவரும் முடித்து விட்டார்.

இரண்டு மாதம் இழுத்தது. வேறு ஆள் வாங்கப் போகிறார் என்று பயமுறுத்தினார்கள். கடைசியில் வேறு ஆளின் வக்கீலும் அதையே கேட்டிருப்பார் போலிருக்கிறது, தங்கையை வரவழைத்தார்கள். பதிவன்று மூன்று பேர் பெயருக்கும் தனித்தனியாக பாங்க் டிராஃப்ட் கொடுத்தோம். நில விற்பனையில் இருபதாயிரத்துக்கு மேல் ரொக்கம் வாங்கக் கூடாது என்று 2015 ஜூனிலிருந்து வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது. ஆகவே 'பாதி வெள்ளை, பாதி கறுப்பு' என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். அந்த அம்மாள் கைரேகை வைத்துவிட்டு வெளியே வந்து, விரலில் மையோடு என் கையைப் பிடித்தார். "எங்க அப்பா வீடு. ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்துட்டு வரட்டுமா?" என்றார். சாவியைக் கொடுத்தேன். அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தார்.

கணக்கு

சகோதரிகள் எல்லாரும் கேட்பது இதைத்தான். வீட்டின் விலை 19 லட்சம். அப்போது முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 4; ஆக 2,09,000. தரகு, வக்கீல், பத்திரம் எழுத்து எல்லாம் 31,000. ஓடு மாற்றி, கரண்டு வயர் புதுசாக இழுத்து, கக்கூஸ் சரி செய்ய 1,60,000. மொத்தம் 23 லட்சம். பத்தொன்பதைக் கையில் வைத்துக் கொண்டு பத்தொன்பதுக்கு வீடு வாங்கப் போகிறவர்கள் நடுவழியில் நிற்பார்கள்!

என் பங்கு 6, சீட்டு 3, நகை விற்றது 2, கையிருப்பு 2. மீதி 10 லட்சம் பாங்க் கடன். பத்திரம் என் பெயரில். எனக்குச் சம்பளம் இல்லாததால் கடனில் கணவரையும் சேர்த்துக் கொண்டார்கள். பாங்கில் கடன் வாங்குவதில் ஒரு லாபமும் உண்டு: அவர்கள் வக்கீலும் ஒரு தடவை காகிதத்தைப் பார்ப்பார். பதினைந்து வருஷம், மாதத் தவணை 9,900 சொச்சம். இரண்டு போர்ஷன் வாடகையும் சேர்த்து 9,500. அதாவது வாடகை முழுவதும் தவணைக்குப் போய், மேலே நானூறு கையிலிருந்தும் போடுகிறோம். "வாடகையில் கடன் தானாக அடையும்" என்று சொல்லுகிற தரகர்கள், வீடு காலியாகக் கிடக்கும் மாதத்தைப் பற்றிப் பேசுவதில்லை. அதனால் மூன்று தவணைக்கான பணத்தைத் தனியே போட்டு வைத்த பிறகுதான் கையெழுத்தே போட்டேன்.

வருஷ வாடகை 1,14,000. ஒரு மாதம் காலி, வீட்டு வரி, மோட்டார் ரிப்பேர் எல்லாம் போக அந்த முதல் வருஷம் நின்றது சுமார் 96,000. போட்ட 23 லட்சத்துக்கு இது நூற்றுக்கு நாலு சொச்சம்தான். அப்போது பாங்க் டெபாசிட்டுக்கே அதைவிட அதிக வட்டி. பின்னே ஏன் வாங்கினாய் என்று என் மைனி கேட்டாள். நிலத்தின் விலை ஏறும், வாடகையும் ஏறும் என்ற நம்பிக்கையில்தான். ஏறாமலும் போகலாம். அவசரத்துக்கு ஒரு மூலையை மட்டும் பெயர்த்து விற்கவும் முடியாது. ஆகையால் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் ஒதுக்கிய பணத்தைச் சுவரில் போடாதீர்கள்.

இப்போது கணக்கு கொஞ்சம் மாறியிருக்கிறது. 2023 ஏப்ரலில் அரசாங்க வழிகாட்டி மதிப்பை ஏற்றி, பதிவுக் கட்டணத்தை 2 சதவிகிதம் ஆக்கினார்கள். ஆக மொத்தம் 9. அது மட்டுமல்ல, 2025 ஏப்ரல் முதல் பத்து லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் இன்னொரு 1 சதவிகிதம் குறைவு. பத்து லட்சத்துக்குப் பத்தாயிரம் மிச்சம். ஒரு தண்ணீர் மோட்டார் வாங்கி விடலாமே! ஆனால் கணவர் தன் பணத்தைக் கொடுத்து மனைவி பெயரில் வாங்கினால், அந்த வாடகையை வருமான வரிக்காரர்கள் அவர் கணக்கில்தான் சேர்ப்பார்கள். வாடகையில் வீட்டு வரி போக மீதியில் முப்பது சதவிகிதம் பராமரிப்புக்கு என்று கழித்துக் கொள்ளலாம்.

புது மனைதான் வேண்டும் என்பவர்கள் டி.டி.சி.பி. எண்ணோடு ரேரா எண்ணையும் கேளுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட, அதாவது நம் கணக்கில் பன்னிரண்டு சென்ட்டைத் தாண்டிய மனைப் பிரிவுகள் அங்கே பதிவாகியிருக்க வேண்டும். எண்ணை நோட்டீசில் பார்த்தால் போதாது, அவர்கள் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள்.

ஒத்திக்குக் கேட்டார்கள்

வீட்டைத் துடைத்து வைத்ததும் முதலில் வந்தவர், "வாடகை வேண்டாம், நாலு லட்சம் ஒத்திக்குத் தருகிறேன்" என்றார். எங்கள் ஊரில் இது சகஜம். மொத்தப் பணத்தைக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருப்பார்கள், போகும்போது பணத்தைத் திருப்பித் தர வேண்டும். கேட்கத் தித்திப்பாகத்தான் இருந்தது. ஆனால் வாங்கிய நாலு லட்சம் கல்யாணம், காட்சி என்று கரைந்து விட்டால் திருப்பிக் கொடுக்க எங்கே போவது? பாங்கில் அடமானம் இருக்கும் வீட்டை அவர்களைக் கேட்காமல் ஒத்திக்கு விடவும் கூடாது. கொடுப்பவருக்கும் ஆபத்து, ஒத்தியைப் பதிவு செய்யாமல் வெறும் தாளில் எழுதிக் கொண்டு பணத்தை இழந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். வேண்டாம் என்று விட்டேன்.

2019 பிப்ரவரி 22 முதல் வாடகைக்குப் புதுச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு விதமாக எழுதிக் கொண்டாலொழிய முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. சொந்தக்காரப் பையன்தானே, எழுத்து என்னத்துக்கு என்று நினைத்து ஒருமுறை வாயாலேயே பேசி விட்டேன். ஏழு மாத வாடகை பாக்கியோடு அவன் போனதும், அவன் அம்மா இன்றைக்கு வரைக்கும் என்னோடு பேசாததும் தனிக் கதை.

இப்போது முன்போர்ஷனில் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸம்மா, பிள்ளை குட்டிகளோடு இருக்கிறார். மூன்று வருஷமாக ஐந்தாந் தேதிக்குள் வாடகை வந்து விடும். மழையில் ஓடு ஒழுகினால் மட்டும் ராத்திரி பத்து மணிக்கும் போன் வரும். பக்கத்து வீட்டு ஆச்சி இன்றும் அந்த மூன்றடி வழியாகக் கிணற்றுக்கு வந்து போகிறார். அவர் வீட்டிலேயே குழாய் இருக்கிறது. ஆனாலும் இந்தத் தண்ணீரில் சோறு வெந்தால்தான் அவருக்கு ருசியாம். பின்போர்ஷன் இந்த மாதம் காலி. வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன், சனிக்கிழமை வருகிறேன் என்றார். தென்னை மட்டையை மட்டும் அதற்கு முன்னால் வெட்டி எடுக்க வேண்டும்.